‘பெர்ஹாப்ஸ்’ சொல்லுக்குள் ‘ஹாப்பி’ இருக்கிறதா?

கரும்பலகை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஒரு பையன் எழுந்து, “மிஸ், பெர்ஹாப்ஸ்ல ஹாப் இருக்கு, ஹாப்பில ஹாப் இருக்கு, ஹாப்பன்லயும் ஹாப் இருக்கு. மூணும் ஒண்ணா?” என்று கேட்டான். எழுத்து அப்படி அமைந்துபோனதுதான், பொருளில் தொடர்பு இல்லை என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. ‘ஒருவேளை’க்கும் ‘சந்தோஷம்’க்கும் என்ன உறவு இருக்க முடியும்? ஆனாலும் அவன் மூன்றையும் வரிசையாக அடுக்கிக் கேட்டது உறுத்துகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சொல்வேட்டை எழுதியது:

டீச்சர், பையன் சொன்னதுதான் சரி. மூன்றும் ஒரே வேர்.

‘ஹாப்’ பழைய நோர்ஸ் மொழிச் சொல். டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த வைக்கிங்குகள் பேசிய மொழி அது. அவர்களுக்கு ‘ஹாப்’ என்றால் அதிர்ஷ்டம். 793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருந்த லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடியவர்கள் இவர்கள்தான். அடுத்த நூறு வருஷத்தில் கொள்ளை குடியேற்றமாகி, இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பகுதி அவர்கள் சட்டத்தின் கீழ் வந்தது. அந்தப் பகுதிக்கு டேன்லா என்று பெயர். யார்க் நகரம் யோர்விக் ஆனது. ஒரே தெருவில் இரண்டு மொழிக்காரர்களும் வாங்கி விற்றார்கள், பெண் கொடுத்து எடுத்தார்கள். ‘அவர்கள்’ என்பதற்கு ஆங்கிலேயர் இன்று சொல்லும் ‘தே’கூட நோர்ஸிலிருந்து வந்ததுதான். பிரதிப்பெயரையே கடன் வாங்கும் அளவுக்கு நெருக்கம்.

ஆங்கில எழுத்தில் ‘ஹாப்’ 1200 வாக்கில் தலைகாட்டுகிறது. தற்செயல், விதிவசம், அதிர்ஷ்டம் எல்லாமே அதன் பொருள். அதிலிருந்து வந்த ‘ஹாப்பன்’ முதலில் ‘தற்செயலாக நேர்வது’. ‘ஹாப்பி’ 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் வருகிறது. அப்போது அதற்கு ‘அதிர்ஷ்டசாலியான’ என்றுதான் பொருள். சந்தோஷம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதிர்ஷ்டம் இல்லாதவன் ‘ஹாப்லெஸ்’, கெட்ட வேளையாக நேர்ந்தது ‘மிஸ்ஹாப்’.

‘பெர்ஹாப்ஸ்’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘தற்செயல்களால்’. பின்பாதி வைக்கிங்குகளுடையது. முன்பாதி ‘பெர்’ பிரெஞ்சு வழியாக வந்தது.

கரும்பலகை எழுதியது:

ஐயா, படித்ததும் முதலில் அந்தப் பையன் முகம்தான் நினைவுக்கு வந்தது. சரியாகக் கேட்டவனைத் தப்பு என்று உட்கார வைத்துவிட்டேன்.

இன்னொன்று கேட்கிறேன். பிரெஞ்சுக்காரன் சொல்லின் தலையும் வைக்கிங் சொல்லின் உடம்பும் எப்படி ஒன்றாகச் சேர்ந்தன? யார் ஒட்டினார்கள்? பையன்கள் கட்டாயம் கேட்பார்கள்.

அச்சுப்பிழை எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ‘பெர்’ லத்தீன் இல்லையா? பெர் சென்ட், பெர் கேபிட்டா எல்லாம் லத்தீன்தானே. பதினைந்து வருஷமாக மெய்ப்பு பார்க்கிறேன். ஆங்கில அகராதியில் ‘பெர்’ என்று வந்தால் லத்தீன் என்றே பழக்கம். பிரெஞ்சு எங்கிருந்து வந்தது?

வினையெச்சம் எழுதியது:

எழுத்தைப் பார்த்தால் லத்தீன், பிறப்பைப் பார்த்தால் பிரெஞ்சு. பழைய கையெழுத்துப் பிரதிகளில் ‘பார் சான்ஸ்’, ‘பார் அவெஞ்சர்’ என்று ‘பார்’தான். பிரெஞ்சில் இன்றைக்கும் ‘பார்’ என்றால் ‘ஆல்’, ‘மூலம்’. லத்தீன் ‘பெர்’தான் பிரெஞ்சு வாயில் ‘பார்’ ஆனது. பிற்பாடு ஆங்கிலேயப் படிப்பாளிகள், இதன் தாய் லத்தீன் ஆயிற்றே என்று எழுத்தைத் திருத்தி மறுபடி ‘பெர்’ ஆக்கினார்கள். ‘பெர்ஃபெக்ட்’ இப்படித்தான். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்தில் அது ‘பார்ஃபிட்’. ‘அட்வெஞ்சர்’ நடுவில் ஒரு ‘ட்’ முளைத்ததும் லத்தீனைப் பார்த்துத் திருத்தியதால்தான். பிரெஞ்சில் இன்றுவரை அந்த ‘ட்’ கிடையாது.

சென்னைக்குப் போன பிள்ளை ஊருக்குத் திரும்பும்போது தாத்தா பெயரைச் சேர்த்துப் போட்டுக்கொள்வது மாதிரி. பெயர் தாத்தாவுடையது, வளர்ந்த இடம் வேறு.

அச்சுப்பிழை எழுதியது:

விளங்கிவிட்டது. நன்றி.

சொல்வேட்டை எழுதியது:

டீச்சர் கேட்ட ‘யார் ஒட்டினார்கள்’ என்பதுதான் இதில் முக்கியமான கேள்வி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1066இல் நார்மண்டி வில்லியம் ஹேஸ்டிங்ஸில் ஜெயித்த பிறகு அரண்மனை, கோர்ட், நிலப் பத்திரம் எல்லாம் பிரெஞ்சுக்கும் லத்தீனுக்கும் போய்விட்டன. குடியானவன் ஆங்கிலம் பேசினான், அவன் வழக்கை வக்கீல் பிரெஞ்சில் வாதாடினார். மூன்று நூற்றாண்டு இப்படி ஓடியது. மக்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை, வழக்கை ஆங்கிலத்தில் வாதாடுங்கள் என்று 1362இல் சட்டமே போட வேண்டி வந்தது.

அந்த மூன்று நூற்றாண்டில் ‘பார்’ தனியாக ஆங்கிலத்துக்குள் வரவில்லை. பொட்டலமாக வந்தது. ‘பார் அமூர்’, அதாவது ‘காதலால்’, ஒட்டி ‘பாரமோர்’ ஆயிற்று. இன்று அது கள்ளக்காதலரைக் குறிக்கும் பெயர்ச்சொல். ‘பார் டியூ’, கடவுள்மேல் ஆணையாக, ‘பார்டீ’ ஆயிற்று. ‘ஒருவேளை’ என்பதற்கும் மூன்று பொட்டலங்கள் வந்தன: பெரட்வெஞ்சர், பெர்சான்ஸ், பெர்கேஸ். முதலாவது 1300 வாக்கில், இரண்டாவது 14ஆம் நூற்றாண்டின் நடுவில்.

இந்த மூன்றையும் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட காதுக்கு ஒரு வார்ப்பு பிடிபட்டுவிடுகிறது. முன்னால் ‘பெர்’, பின்னால் ‘தற்செயல்’ என்று பொருள்படும் ஏதோ ஒரு சொல். பின்னால் வருவது பிரெஞ்சாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தக் காது கேட்பதில்லை. தற்செயலுக்கு அவர்கள் வீட்டிலேயே ஒரு சொல் இருந்தது: ‘ஹாப்’. ‘பை ஹாப்’ என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். ‘பை’யைக் கழற்றிவிட்டு ‘பெர்’ போட்டார்கள், அவ்வளவுதான். 16ஆம் நூற்றாண்டில் ‘பெர்ஹாப்ஸ்’ பரவலாகிறது. வீட்டில் பிரெஞ்சு பேசுகிற ஆங்கிலேயப் பிரபு யாரும் அப்போது மிச்சமில்லை. ஆள் போய்விட்டான், அவன் கொண்டுவந்த அச்சு நின்றுவிட்டது. அதில் உள்ளூர் மாவை வைத்துப் பிழிந்தார்கள்.

ஆகவே இதை ஒட்டியது பண்டிதர் வேலை மாதிரித் தெரியவில்லை. பிரெஞ்சு தெரிந்த பண்டிதன் ‘ஹாப்’பைத் தொட்டிருக்க மாட்டான் என்பது என் எண்ணம்.

தாயக்கட்டை எழுதியது:

சொல்வேட்டை அண்ணா, அந்த மூன்று பொட்டலத்தையும் பிரித்துப் பாருங்கள். சான்ஸ் என்பது பழைய பிரெஞ்சில் ‘செயான்ஸ்’. ‘விழு’ என்று பொருள்படும் லத்தீன் ‘காதெரெ’யிலிருந்து வந்தது. விழுகிறது என்றால் பகடை விழுகிறது. ‘கேஸ்’ஸும் அதே வினைதான், லத்தீனில் ‘காசுஸ்’, ‘விழுந்தது’. பெர்சான்ஸும் பெர்கேஸும் ஒரே கட்டையின் இரண்டு உருட்டு.

எங்கள் அப்பத்தா திண்ணையில் தாயம் ஆடும்போது வாயிலிருந்து வருவது ‘விழு’தான். “தாயம் விழல”, “உனக்கு ரெண்டு தாயம் விழுந்திருச்சு”, “இன்னும் ஒண்ணு விழுந்தா காய் பழம்”. பித்தளைக் கட்டை இரண்டையும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, சிமெண்டுத் தரையில் விட்டால் ஒரு சத்தம் வரும். சீட்டு ‘விழுந்தது’, லாட்டரி ‘விழுந்தது’ என்று நாமும் சொல்கிறோம். ரோமாபுரிக்காரனுக்கும் அப்பத்தாவுக்கும் அதிர்ஷ்டம் மேலேயிருந்து விழுகிற ஒன்றாகவே இருந்திருக்கிறது. இதை யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. கட்டை உருட்டுகிற எவனுக்கும் தோன்றுவது அது.

வடகடல் எழுதியது:

பகடை என்றதும் ‘ஹாப்ஹஸார்டு’ நினைவுக்கு வந்தது. அதுவும் இதே மாதிரி ஒட்டுச் சொல். ஹாப் நோர்ஸ், ஹஸார்டு பிரெஞ்சு. ஹஸார்டு என்பது முதலில் ஒரு பகடை ஆட்டத்தின் பெயர். ஆபத்து என்ற பொருள் பிறகுதான். பகடையில் காசு வைத்தவனுக்கு ஆபத்து நிச்சயம்! 16ஆம் நூற்றாண்டில் இரண்டையும் சேர்த்தார்கள். பெர்ஹாப்ஸ் பரவிய அதே காலம்.

நான் ஒஸ்லோவில் இருக்கிறேன். இங்கே ‘ஒருவேளை’க்கு ‘கான்ஷே’ என்பார்கள். ‘நேரக்கூடும்’ என்று பிரித்துப் பொருள் சொல்லலாம். டச்சுக்காரர் ‘மிஸ்ஹீன்’ என்பதும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரரின் ‘ப்யூத்தெத்ர்’ ‘இருக்கக்கூடும்’. ஆங்கிலேயரின் மேபியும் அதே கதை. ஜெர்மன்காரர் மட்டும் ‘ஃபிலைஷ்ட்’ என்கிறார்கள், பிரித்தால் ‘மிக எளிதாக’. ஆக, ‘ஹாப்’ யாருடைய சொல்லோ அந்த வைக்கிங் வாரிசுகளே இந்த இடத்தில் அதைப் பயன்படுத்துவதில்லை! ஐஸ்லாந்தில் ‘ஹாப்’ அதே பழைய பொருளில் இன்னும் இருக்கிறது. அங்கே லாட்டரிக்கு ‘ஹாப்திரைத்தி’ என்று பெயர். ஹாப் என்றால் அதிர்ஷ்டம், பின்பாதி இழுப்பது. அதிர்ஷ்டச்சீட்டு இழுப்பது.

பனங்காய் எழுதியது:

நான் யாழ்ப்பாணம். இப்ப பன்னிரண்டு வருசமா யோர்க்ஷயரிலை ஒரு ஆஸ்பத்திரியிலை வேலை. இந்த இழையை நேற்று இரவு வாசிச்சதிலை இருந்து ஒரு விசயம் சொல்லோணும் போலை கிடக்கு.

நான் வந்த புதுசிலை வார்டிலை ஒரு வயசான ஐயா இருந்தவர். முந்தி கம்பளி ஆலையிலை வேலை செய்தவர். “நாளைக்கு மழை வருமோ?” எண்டு கேட்டா யன்னலாலை பார்த்துப்போட்டு “அப்பன்” எண்டுவார். “நாளைக்கு மகள் வாறாவோ?” எண்டு கேட்டாலும் “அப்பன்”. எங்கட ஊரிலை பெரியாக்கள் சின்னப் பெடியளை “அப்பன், இஞ்சை வா” எண்டு கூப்பிடுறது ஞாபகம் வந்திட்டுது எனக்கு. உண்மையிலை ஒரு கிழமை அவர் என்னைப் பாசமாக் கூப்பிடுறார் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான். பிறகு கூட வேலை செய்யிற தாதி ஒருத்தி விளங்கப்படுத்தினா. அது ‘ஹாப்பன்’. இந்தப் பக்கத்திலை ‘ஹ’ விழுந்துபோகும். ‘ஹாப்பன்’ எண்டா இவையளுக்கு ‘பெர்ஹாப்ஸ்’தான். “ஹாப்பன் மழை வரும்” எண்டு வசனத்தின்ரை முதலிலை போட்டுச் சொல்லுவினம்.

இப்ப சொல்வேட்டை அண்ணை எழுதினதைப் பார்க்கத்தான் விளங்குது. யோர்க்ஷயர் டேன்லாவுக்குள்ளை இருந்த இடம். லண்டன் பக்கம் பிரெஞ்சு ‘பெர்’ இல்லாமல் ஹாப்பைச் சொல்ல ஏலாமல் போச்சுது. இஞ்சை அது ஒரு துணையும் இல்லாமல் தனிய நிக்குது.

சொல்வேட்டை எழுதியது:

பனங்காய், இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த பதிவு இது. வடக்கு இங்கிலாந்தில் ‘ஹாப்பன்’ வினையடையாக நிற்கிறது என்று அகராதியில் படித்திருக்கிறேன். ஒரு வார்டில் யன்னலைப் பார்த்துக்கொண்டு ஒருவர் சொன்னார் என்று கேட்பது வேறு. லங்காஷயரிலும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் ‘மேஹாப்’ என்றும் ஒன்று இருந்தது. ‘மே ஹாப்’, நேரலாம். அதிலும் பிரெஞ்சு வாடை கிடையாது. அது வழக்கொழிந்து, பாதிப் பிரெஞ்சான பெர்ஹாப்ஸ் நிலைத்தது.

வினையெச்சம் எழுதியது:

கடைசி ‘ஸ்’ஸைப் பற்றி யாரும் பேசவில்லையே. ‘பெர்ஹாப்’ என்று நின்றிருக்கலாம். ‘ஸ்’ எதற்கு?

ஒரு கட்சி, அது பன்மை என்கிறது. ஹாப்ஸ், தற்செயல்கள். 14ஆம் நூற்றாண்டிலேயே ‘அப்பான் ஹாப்பஸ்’ என்று பன்மையில் சொன்னதுண்டு. இன்னொரு கட்சி, அது பழைய ஆறாம் வேற்றுமை உருபு என்கிறது. பழைய ஆங்கிலத்தில் பெயரோடு அந்த உருபைச் சேர்த்தால் அது வினையடை ஆகிவிடும். அந்த வால் இன்னும் பல சொற்களில் தொங்குகிறது: வன்ஸ், ட்வைஸ், ஆல்வேஸ், நவடேஸ், பிசைட்ஸ். நவடேஸில் நாட்கள் பல என்பதற்காக ‘ஸ்’ வரவில்லை. ‘நாளில்’ என்று ஆக்குவதற்காக வந்தது.

என் கருத்து: தொடக்கத்தில் பன்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது ஒட்டி நின்றதற்குக் காரணம் ஆல்வேஸும் நவடேஸும் பழக்கிவைத்த காது. ஸ்பானிஷில் ‘கிஸா’ என்றால் ஒருவேளை. ‘யாருக்குத் தெரியும்’ என்ற தொடரிலிருந்து வந்தது. அங்கே பன்மைக்கு இடமே இல்லை. ஆனாலும் மற்ற வினையடைகளைப் பார்த்து அதற்கும் ஒரு ‘ஸ்’ முளைத்து ‘கிஸாஸ்’ ஆயிற்று. வால் இப்படியும் முளைக்கும்.

பனங்காய் எழுதியது:

வினையெச்சம் ஐயா, பன்மை எண்டதும் ஒண்டு சொல்லவேணும். நீங்கள் இந்தியாவிலை ‘ஒருவேளை’ எண்டு சொல்லுறியள். நாங்கள் ‘சிலவேளை’ எண்டுதான் கூடுதலாச் சொல்லுறது. “சிலவேளை அவர் நாளைக்கு வருவார்”. உங்களுக்கு ஒரு வேளை போதும், எங்களுக்குச் சில வேளை வேணும். பொருள் ஒண்டுதான்.

வினையெச்சம் எழுதியது:

இது என் கண்ணில் படாமலே போயிருக்கிறது! நன்றி ஐயா. ‘ஒருக்கால்’ என்று பழைய உரைகளில் வருவதும் ஒருமைதான். ஒரே மொழிக்குள் ஒரு கரையில் ஒருமையும் இன்னொரு கரையில் பன்மையும் அதே வேலையைச் செய்யும்போது, பெர்ஹாப்ஸின் ‘ஸ்’ பன்மையாக இருந்தால் என்ன கெட்டுவிடும்? நான் இரண்டாம் கட்சிக்குச் சாய்ந்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அச்சுப்பிழை எழுதியது:

எனக்கு இன்னும் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. எல்லோரும் ரசித்துப் பேசுகிறீர்கள். ஆனால் ஆங்கிலத்துக்கென்று சொந்தமாக ஒரு ‘ஒருவேளை’ இருந்திருக்குமே. அதைத் தொலைத்துவிட்டு இரண்டு படையெடுப்பாளர்களின் சொல்லை ஒட்டிக்கொண்டது இழப்பு இல்லையா? வைக்கிங் அடித்தான், நார்மன் அடித்தான். இரண்டு பேரும் விட்டுப்போனதைச் சேர்த்து ஒரு சொல். தமிழில் இப்படிக் கலந்து எழுதிக் கொடுப்பவர்களிடம் நான் தினமும் போராடுகிறேன். அதனால்தான் கேட்கிறேன்.

சொல்வேட்டை எழுதியது:

இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘வேனுங்கா’ என்று ஒரு வினையடை. ‘எண்ணம், எதிர்பார்ப்பு’ என்று பொருள்படும் ‘வேன்’ என்பதிலிருந்து வந்தது. ‘என் எண்ணத்தில்’ என்கிற மாதிரி. அது செத்துவிட்டது. இழப்புதான், மறுக்கவில்லை. அதோடு ஒரு மனப்போக்கும் போயிற்று என்று நினைக்கிறேன். வேனுங்கா சொல்பவன் தன் மனசைப் பார்த்துச் சொல்கிறான், எனக்கு இப்படித் தோன்றுகிறது என்று. பெர்ஹாப்ஸ் சொல்பவன் வெளியே பார்க்கிறான், விழுவது விழட்டும் என்று.

ஆனால் ‘படையெடுப்பாளர் சொல்’ என்பதில் ஒரு திருத்தம். 16ஆம் நூற்றாண்டுக் குடியானவனுக்கு ஹாப் அந்நியச் சொல் இல்லை. முந்நூறு வருஷத்துக்கும் மேலாக அவன் வீட்டுச் சொல். பாட்டி திட்டும்போது வந்த சொல். வேரை ஆராய்கிற நமக்குத்தான் அது நோர்ஸ். இன்னும் பின்னால் போனால் ஜெர்மானிய மொழிகளுக்கு வெளியிலும் இதற்கு உறவு இருக்கிறது. பழைய ஸ்லாவிய மொழியில் ‘கோப்’ என்றால் விதி, சகுனம். க ஒலி ஹ ஆவதும் ‘அம்பு’வில் ஒலிக்கும் ‘ப’ ‘அப்பா’வில் ஒலிக்கும் ‘ப’ ஆவதும் ஜெர்மானிய மொழிகளுக்கே உரிய மாற்றம். ஜெர்மன் மொழியறிஞர் கிரிம் 1822இல் வகுத்துச் சொன்ன விதி. கஞ்சாச் செடிக்குக் கிரேக்கத்தில் ‘கன்னபிஸ்’, ஆங்கிலத்தில் ‘ஹெம்ப்’. இரண்டு மாற்றமும் அந்த ஒரே சொல்லில் தெரியும்.

வினையெச்சம் எழுதியது:

அச்சுப்பிழை நண்பரே, உங்கள் வேலையை மதிக்கிறேன். தேவையில்லாமல் கலப்பதை வெட்டத்தான் வேண்டும். ஆனால் பெர்ஹாப்ஸில் நடந்தது வேறு. நீங்கள் எழுதும் ‘நிச்சயமாக’ என்பதைப் பாருங்கள். நிச்சயம் வடமொழி, ‘ஆக’ தமிழ். ‘ஜாஸ்தியாக’வில் ஜாஸ்தி அரபியிலிருந்து உருது வழியாக வந்தது, ‘ஆக’ நம்முடையது. ஆங்கிலத்திலும் ‘ஈஸிலி’, ‘ரியலி’, ‘சர்ட்டன்லி’ எல்லாம் இப்படித்தான். தலை பிரெஞ்சு, ‘லி’ ஜெர்மானியம். ‘லி’ ஒரு காலத்தில் ‘உடம்பு’ என்று பொருள்பட்ட சொல்லின் மிச்சம். வினையடையை ஆக்கும் உருபு வீட்டுச் சரக்கு, பொருள் தரும் சொல் வெளிச்சரக்கு. உலகமெங்கும் இதுதான் வழக்கம்.

பெர்ஹாப்ஸில் இது தலைகீழ். இலக்கண வேலை செய்யும் முன்பாதி வெளியிலிருந்து வந்தது, பொருள் தரும் சொல் வீட்டுடையது. வெளிமொழியின் முன்னிடைச் சொல்லை உள்ளூர்ப் பெயருக்கு மாட்டுவது அரிது. ‘பெர்’ வேறெந்த ஜெர்மானிய வேரோடும் ஒட்டி இப்படி நிலைத்ததாக என்னால் ஒன்றுகூடச் சொல்ல முடியவில்லை. அந்த ஒட்டு ஒரே ஒரு தடவை நடந்து, அந்த ஒன்றும் தினசரிப் பேச்சில் தங்கிவிட்டது. எனக்கு வியப்பு அங்கேதான்.

அச்சுப்பிழை எழுதியது:

‘நிச்சயமாக’வை நான் ‘உறுதியாக’ என்று மாற்றுவேன், அதை விட மாட்டேன். ஆனால் தலைகீழ் என்று நீங்கள் காட்டியது புதிது. யோசிக்கிறேன்.

கூடல்நகர் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பைபிளில் இருந்து ஒரு செய்தி. 1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்து மொழிபெயர்ப்பில் பெர்ஹாப்ஸ் மொத்தம் மூன்றே இடத்தில் வருகிறது. மூன்றும் புதிய ஏற்பாட்டில். பெரட்வெஞ்சர் ஏராளம். ஆதியாகமம் 18இல் ஆபிரகாம் சோதோம் பட்டணத்துக்காகக் கடவுளிடம் மன்றாடும் இடத்தில் அது மட்டும் ஆறு தடவை. ஐம்பது நீதிமான்கள் இருந்தால், நாற்பத்தைந்து இருந்தால், நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று இறங்கி இறங்கிக் கேட்கிறார். ஒவ்வொரு கேள்வியும் பெரட்வெஞ்சரோடு. நம் தமிழ் பைபிளில் அந்த இடத்தில் ‘ஒருவேளை’.

ஆனால் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தில் பெர்ஹாப்ஸ் வரும் வசனத்தைத் தமிழில் பாருங்கள். வீட்டைவிட்டு ஓடிப்போன அடிமையைப் பற்றிப் பவுல் எழுதுகிறார், என்றைக்கும் உம்மோடு இருப்பதற்காகவே அவன் கொஞ்சக்காலம் ‘பிரிந்துபோனானாக்கும்’ என்று. ‘ஒருவேளை’யே இல்லை. பெர்ஹாப்ஸின் வேலை முழுவதையும் அந்த ‘ஆக்கும்’ சுமக்கிறது. சின்ன வயசில் கோயிலில் அந்த வசனம் வாசிக்கக் கேட்டபோதெல்லாம் வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் சொல்கிற மாதிரி இருக்கும். ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது.

கரும்பலகை எழுதியது:

கூடல்நகர், இது என் பாடத்துக்கே உதவும். பையன்கள் பெர்ஹாப்ஸ் என்று கண்டால் கண்ணை மூடிக்கொண்டு ‘ஒருவேளை’ என்று எழுதிவிடுகிறார்கள். “பெர்ஹாப்ஸ் ஹி வில் கம்” என்றால், வீட்டில் அவர்கள் சொல்வது “வந்தாலும் வருவான்”. அதை எழுதினால் மார்க் கிடைக்காது என்று பயம்.

வினையெச்சம் எழுதியது:

தாராளமாக எழுதச் சொல்லுங்கள். ஐயத்தை வினையிலேயே வைப்பது தமிழின் பழைய குணம். தொல்காப்பியம் ‘கொல்லே ஐயம்’ என்று ஓர் இடைச்சொல்லுக்கே அந்த வேலையைக் கொடுத்திருக்கிறது. ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்ற குறளில் வருகிற ‘கொல்’ அதுதான். ‘கொல்’ போய்விட்டது. ‘போலும்’, ‘ஆக்கும்’, ‘வந்தாலும் வருவான்’ எல்லாம் இருக்கின்றன.

கரும்பலகை எழுதியது:

திங்கட்கிழமை வகுப்பு முடிந்துவிட்டது. எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்று ஓடி வந்தேன்.

வகுப்புக்குள் போனதும் முதலில் அவனை எழுந்து நிற்கச் சொல்லி, “வெள்ளிக்கிழமை நீ கேட்டது சரி, நான் சொன்னதுதான் தப்பு” என்றேன். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு போர்டில் ‘பெர்’ நீலச் சாக்பீஸில், ‘ஹாப்’ மஞ்சளில் எழுதினேன். வைக்கிங் கப்பலைப் பற்றிச் சொன்னபோது வகுப்பு கப்சிப். தாயக்கட்டை சொன்ன ‘விழுந்தது’ கதைக்குக் கடைசி பெஞ்சிலிருந்து “எங்க ஆயாவும் அப்படித்தான் சொல்லும் மிஸ்” என்று மூன்று பேர். யோர்க்ஷயர் ஐயாவின் “அப்பன்” இன்று முழுக்க வகுப்பில் ஓடியது. “நாளைக்கு டெஸ்ட் உண்டா?” என்று ஒருத்தி கேட்டாள், பத்துப் பேர் சேர்ந்து “அப்பன்” என்றார்கள்.

அந்தப் பையன் இன்னொன்று கேட்டான். “மிஸ், ஹாப்னா அதிர்ஷ்டம்னா, கெட்டது நடக்கும்னு சொல்லும்போது பெர்ஹாப்ஸ் போடலாமா?” அதிர்ஷ்டம் என்ற பொருள் தேய்ந்து இப்போது வெறும் ‘நேரலாம்’ மட்டும்தான் மிச்சம், அந்தக் காலத்திலேயே ‘கெட்ட ஹாப்’ என்று சொன்னதுண்டு, மிஸ்ஹாப் அப்படி வந்ததுதான் என்று சொல்வேட்டை ஐயா எழுதியதை வைத்துச் சமாளித்தேன். சரிதானே?

சாயங்காலம் நோட்டுத் திருத்தும்போது அவன் நோட்டைப் பார்த்தேன். மூன்று பகுதியாகப் பிரித்து எழுதியிருந்தான். ‘பெர்’ பக்கத்தில் ‘பிரான்ஸ்’, ‘ஹாப்’ பக்கத்தில் ‘கப்பல்காரங்க’, ‘ஸ்’ பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பெரியவர்களே இரண்டு கட்சியாக இருக்கிறார்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். மற்ற நோட்டுகளைப் போலவே கீழே டிக் போட்டுக் கையெழுத்து வைத்தேன். கேள்விக்குறியைத் தொடவில்லை.